பட்டப்பகல் விளக்கு

வைகாசி மாதத்து நாலு மணி வெயில் முற்றத்துச் சிமெண்டைத் தோசைக்கல்லாக்கி வைத்திருந்தபோது, பொன்னுச்சாமி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "ஏட்டி முத்துத்தாயி, பொழுதடைஞ்சு எவ்வளவு நேரமாச்சு, இன்னுமா விளக்குப் பொருத்தல?" என்று கேட்டான்.

அவன் மனைவி முத்துத்தாய் சிரித்தாள். மதில் சுவருக்கு அந்தப் பக்கம், வற்றலுக்குக் காவல் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்த பாலம்மாளும் சிரித்தாள். சிரிக்காதவர் முத்துத்தாயின் அண்ணன் குருநாதன் ஒருவர்தான். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து மாப்பிள்ளையை மோந்து பார்த்தார்.

குருநாதன் பஞ்சு அரவை மில்லில் மேஸ்திரி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாய் தகப்பன் இல்லாத தங்கச்சியை வளர்ப்பதற்காகச் செய்த தியாகம் என்று அவர் சொல்லுவார். பெண் கொடுக்க ஒருத்தரும் வரவில்லை என்று பாலம்மாள் சொல்லுவாள். தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் வீட்டோடு இருக்கிற மாப்பிள்ளையாகத்தான் பார்த்தார். மில் விட்டு வந்த பிறகும் அதட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டுமே. பொன்னுச்சாமி அதற்குத் தோதான ஆள். காட்டுவேலையை ஒழுங்காகச் செய்வான், ஏசினால் வாங்கிக்கொள்வான், எப்போதாவது ஓடைக்கரையில் காய்ச்சுகிற சாராயத்தைக் குடித்துவிட்டு வந்து கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் படுத்துக்கொள்வான். மதுவிலக்குக் காலம் அது. அதனால் சாராயத்துக்கு ஒன்றும் தட்டுப்பாடு இல்லை.

அந்த வருஷம் பங்குனி உத்திரத்தன்று குருநாதன் மாப்பிள்ளையைக் குளித்துவிட்டு வரச்சொல்லி, சாமி படத்துக்கு முன்னால் உட்காரவைத்து, நாக்கில் ஒரு சிட்டிகை புற்றுமண்ணை வைத்தார். சங்கரன்கோவிலில் புற்றுமண் இல்லாத வீடு கிடையாது. தேள்கடிக்கும் அதுதான், சிரங்குக்கும் அதுதான், பிள்ளைக்கு வயிறு உப்பினாலும் அதுதான். மண்ணை விழுங்கச் சொல்லி, தான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லவைத்தார். "இனிமே சாராயத்தைத் தொட மாட்டேன். தொட்டேன்னா நாகம் எம் மேலுக்குள்ள ஏறட்டும்." கடைசி வரி எந்தச் சாஸ்திரத்திலும் இல்லாதது. அன்று காலையில் பல் துலக்கும்போது குருநாதனுக்கே தோன்றியது. நன்றாக அமைந்துவிட்டது என்று டீக்கடையில் நாலு பேரிடம் சொல்லியும் காட்டினார்.

இப்போது மாப்பிள்ளையின் மேலிலிருந்து அழுகிய பூண்டும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாடை வந்தது. சட்டை முதுகோடும் வேட்டி இடுப்போடும் ஒட்டி ஈரமாக இருந்தன. வாய் ஓரத்தில் எச்சில் நூலாகத் தொங்கியது.

"குடிச்சிருக்கீரா வே?"

"இல்ல மச்சான். கரிவலத்துக் காட்டுல பருத்திக்கு மருந்தடிச்சிட்டு வாரேன். மிஷின் ஒழுகிட்டு. முதுகெல்லாம் நனைஞ்சு போச்சு. தலை கிறுகிறுங்குது."

"ஊருல பாதிப்பேரு மருந்தடிக்கான். ஒருத்தனாவது நாலு மணிக்கு விளக்குக் கேட்டானா?"

குருநாதன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வாளியில் பூச்சிமருந்தை ஊற்றி வெறுங்கையால் கலக்கி, மேல்சட்டை இல்லாமல் நாள் முழுக்க அடிக்கிறவர்கள்கூடச் சாயங்காலம் குளித்துவிட்டுக் கொட்டகையில் படம் பார்க்கப் போனார்கள். வாடையை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது. அந்த நாளில் பாட்டரிக் கட்டை வாடை அடித்தாலும் செத்த பல்லி வாடை அடித்தாலும் அது சாராயமாகத்தான் இருக்கும்.

முதல் அடி கன்னத்தில் விழுந்தது.

பொன்னுச்சாமி பின்னால் தள்ளாடிப்போய்த் தொட்டிலில் மோதினான். உத்திரத்திலிருந்து பழைய சேலையில் கட்டிய தொட்டில். உள்ளே ஏழு மாதப் பெண்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. விழாமல் இருக்க அவன் சேலையைப் பற்ற, சேலை பர்ரென்று நெடுக்காகக் கிழிந்தது. முத்துத்தாய் பாய்ந்து பிள்ளையை ஏந்திக்கொண்டாள். அவ்வளவுதான், குருநாதனுக்குக் காரணம் முழுதாகக் கிடைத்துவிட்டது. மாப்பிள்ளையின் வேட்டியை உருவி, அதைக் கயிறாக முறுக்கி, பின்கட்டுத் தொழுவத்துத் தூணில் கையைக் கட்டினார். தன் துண்டைத் தொட்டியில் முக்கி எடுத்து முறுக்கிக்கொண்டார். நனைந்த துண்டு முதுகில் விழும் சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. பசு கயிற்றை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒண்டியது. துண்டு நைந்தபோது குடையை எடுத்தார். குடைக்காம்பு தோளில் இரண்டும் தலையில் ஒன்றுமாக இறங்கியது.

"குடிக்கல மச்சான்," என்றான் பொன்னுச்சாமி ஒவ்வோர் அடிக்கும். பிறகு, "குடி" என்பது வரைதான் வந்தது. பிறகு வெறும் நுரை.

"அண்ணாச்சி, போதும். வாயெல்லாம் நுரை தள்ளுது," என்று பாலம்மாள் சுவருக்கு மேலே இன்னும் கொஞ்சம் எம்பிக்கொண்டு சொன்னாள்.

குருநாதனுக்கும் மூச்சு வாங்கியது. குடையை ஊன்றி நின்று, கை விரல்களில் ஒட்டியிருந்த பிசுபிசுப்பைத் தன் வேட்டியில் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. முதலில் பசு மூச்சுவிடுகிறது என்று நினைத்தார். பிறகு சாணிக் குழிப் பக்கம் ஏதோ ஊர்கிறது என்று நினைத்துக் குடையால் வைக்கோலைக் கிளறிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை, சத்தம் மட்டும் நீளமாக, இழுத்து, விட்டு, மறுபடி இழுத்துக்கொண்டே இருந்தது. ஸ்ஸ். ஸ்ஸ். தூணில் கட்டியிருந்தவனின் நெஞ்சிலிருந்து வந்தது.

குனிந்து பார்த்தார்.

பொன்னுச்சாமியின் கெண்டைக்காலில், தோலுக்கு அடியில், ஏதோ நெளிந்தது. சின்னதாக. நின்றது. தொடையில் எழுந்தது. அங்கிருந்து வயிற்றுக்கு, வயிற்றிலிருந்து புஜத்துக்கு, கன்னத்துக்கு. ஒன்று இல்லை. பத்து இருபது. குட்டிகள். கையும் காலும் அசையாமல் தொங்க, தோல் மட்டும் தானாக ஊர்ந்துகொண்டிருந்தது. குருநாதன் விரலால் அவன் இமையைத் தூக்கினார். கண்ணில் கருமணி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கடுகுதான் இருந்தது. அந்தக் கடுகு அவரைப் பார்த்தது.

நாகம் எம் மேலுக்குள்ள ஏறட்டும்.

அதைத் தான்தான் இட்டுக்கட்டினோம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பல்பொடிக் கையோடு நின்று யோசித்தது. அது எப்படி வந்தது? யார் காதில் விழுந்தது? மேஸ்திரிக்கு முதுகுத்தண்டில் ஒரு கூச்சம் மேலே ஏறியது. ஓடிப்போய்ப் புற்றுமண் டப்பாவை எடுத்து வந்தார். தண்ணீரில் குழைத்து, நெளிகிற இடமெல்லாம், நனைந்த சட்டைக்கு மேலும் உள்ளேயும், அள்ளி அள்ளிப் பூசினார். நாக்கில் ஒரு உருண்டையை வைத்து, "முழுங்கும் வே, முழுங்கும்," என்றார். பொன்னுச்சாமியின் உடம்பு வில்லாக வளைந்தது. தலை தூணில் மோதியது. மறுபடி. மறுபடி. பல் நாக்கைக் கடித்து இரத்தமும் மண்ணும் நுரையும் ஒன்றாக வழிந்தன. அவனை அடக்க வேறு வழியில்லாமல் குருநாதன் இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, அவன் ஈரச் சட்டையில் கன்னத்தை அழுத்திக்கொண்டு, முழுக் கனத்தையும் போட்டு நின்றார். அவர் மார்பின் மேல் குட்டிகள் ஊர்வது தெரிந்தது.

"அண்ணே, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம், ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்று முத்துத்தாய் அழுதாள்.

குதிரை வண்டி வந்தது. அவனைத் தூக்கிப் போட்டார்கள். பிள்ளை வீறிட்டுக் கத்தியது. படுக்கவைக்கத் தொட்டில் இல்லை. வண்டியில் ஏறப்போன குருநாதன் திரும்பி, தூணிலிருந்து அவிழ்ந்து கிடந்த வேட்டியைக் காட்டினார். "நீ பிள்ளையோட இங்கனயே இரு தாயி. அந்த வேட்டிய உதறித் தொட்டிலாக் கட்டு. அப்பன் வாடை இருந்தா பிள்ளை ஏங்காது."

அன்று முழுவதும் அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

டாக்டர் ஞானதுரையின் ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாலு கட்டிலோடு இருந்தது. வெயில் காற்றில் வரும் வழியிலேயே மண் காய்ந்து, பொன்னுச்சாமி சுட்ட பொம்மை மாதிரி ஆகியிருந்தான். டாக்டர் அவன் நெற்றியில் கை வைத்தார். வறட்டு மண். டார்ச்சை அடித்துக் கண்ணைப் பார்த்தார். தலையைத் தடவியபோது எலுமிச்சம்பழம் அளவு வீக்கம் கையில் தட்டியது.

"இது எப்படி?"

"விழுந்துட்டான் டாக்டர். குடி."

ஞானதுரை யோசித்தார். வெயில் தாக்கினவனுக்கும் உடம்பு வியர்வையில்லாமல் வறண்டு போகும். தலைக்குள் இரத்தம் கசிந்தவனுக்கும் கருமணி இப்படிச் சுருங்கும். நுரை வலிப்பிலும் வரும். நெளிவு இருந்ததா என்று அவருக்குத் தெரியாது. அது மண்ணுக்குள் இருந்தது. வியர்வையும் மண்ணுக்குள் இருந்தது. ஆனாலும் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்.

"மேஸ்திரி, இவன் காட்டுவேலைக்காரன்தானே? இன்னைக்கு மருந்து கிருந்து அடிச்சானா?"

குருநாதனுக்குப் பதில் தெரியும். முதுகெல்லாம் நனைஞ்சு போச்சு என்று அவன் சொன்ன குரலே காதில் இருந்தது. ஆனால் ஆமாம் என்றால், அவன் குடிக்கவில்லை. குடிக்கவில்லை என்றால், தூணில் கட்டி அடித்தது எதற்கு? வாசலில் பாலம்மாளின் புருஷன் உட்பட ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எல்லார் காதும் உள்ளேதான் இருந்தது.

"நல்லா யோசிச்சுச் சொல்லும். மருந்தடிச்சானா?"

"இல்ல டாக்டர். குடிதான்."

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டார். மூளைக்குள் இரத்தக் கசிவு. திருநெல்வேலிக்கு வண்டியில் குலுக்கிக் கொண்டுபோனால் கசிவு கூடும். இங்கேயே அசையாமல் கிடக்கட்டும் என்றார். தலைக்கு ஐஸ் வைத்தார்கள். கடையநல்லூர்க்காரி நர்ஸ் ஆயிஷம்மாள் சட்டையைக் கிழித்து எடுத்து, பேசினில் தண்ணீர் வைத்துக்கொண்டு, மண்ணை வெறுங்கையால் ஊறவைத்து ஊறவைத்துத் துடைத்தாள். குருநாதன் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மண் போன இடத்தில் தோல் தெரிந்தது. தோலில் வியர்வை முத்து முத்தாகப் பூத்தது. நெளிவு இன்னும் இருந்தது. அவர் அதை டாக்டரிடம் சொல்லவில்லை. பாம்பைப் பற்றி டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

பொன்னுச்சாமி தண்ணீருக்குள் மூழ்குகிற ஆள் மாதிரி, கட்டிலில் கிடந்தபடியே, தன் நெஞ்சுக்குள்ளிருந்து பொங்கிய நுரையில் மூழ்கினான். கடைசியில் வாயிலிருந்து ஒரு குமிழி வந்து, பெரிதாகி, உடையாமல் அப்படியே நின்றது. விடிந்துவிட்டிருந்தது.

மேஸ்திரி அழவில்லை. நான் தலையில் அடித்த அடி, நான் தலையில் அடித்த அடி என்று மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. ஆளனுப்பித் தங்கச்சிக்குச் சொல்லவும் தைரியம் வரவில்லை. முக்காலியிலேயே இருந்தார். வயிற்றைப் பிசைந்தது. தூக்கமில்லாத கண் மங்கியது.

மணி பத்தரைக்கு ஆயிஷம்மாள் பேசினைக் கழுவப்போனவள், கழுவாமல் அதிலேயே வாந்தி எடுத்தாள். "தலை வலிக்கி டாக்டர். வாயெல்லாம் தண்ணி ஊறுது," என்றாள். டாக்டர் சாதாரணமாகத்தான் டார்ச்சை எடுத்தார். அவள் கண்ணைப் பார்த்தார். இன்னொரு கண்ணைப் பார்த்தார். ஓடிப்போய் மூலையில் கிடந்த கிழிந்த சட்டையைக் குச்சியால் தூக்கி மோந்தார்.

"நேத்து நான் ஒம்மகிட்ட ரெண்டு தடவ கேட்டேன் வே," என்றார். குரல் உயரவில்லை. "தலையில அடிபட்டது பக்கத்துல இருக்கவளுக்கு ஒட்டுமா? இது பூச்சிமருந்து. குடிச்சாத்தான்னு இல்ல, தோல் வழியா ஏறும். கண்மணி சுருங்கி, பகல் இருட்டாத் தெரியும். எச்சி ஊறும், சதை துடிக்கும், நெஞ்சுல நுரை கட்டும். நேத்தே தெரிஞ்சிருந்தா மேலைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஊசி போட்டு ஆளை எழுப்பியிருப்பேன்."

குருநாதனுக்கு முதலில் வந்தது என்னவென்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சந்தோஷம். குடைக்காம்பு கொல்லவில்லை. பாம்பும் இல்லை. ஒரு நிமிஷம் முதுகு நிமிர்ந்துகூட உட்கார்ந்தார்.

டாக்டர் நர்ஸின் கையில் ஊசியைக் குத்திக்கொண்டே கேட்டார். "சட்டை இங்கன இருக்கு. இடுப்புல என்ன கட்டியிருந்தான்? முதுகுல ஒழுகின மருந்து பூராவும் இடுப்புத் துணியிலதான இறங்கியிருக்கும்? வேட்டி எங்க?"

குருநாதன் எழுந்தார். முக்காலி விழுந்தது.

"இரும் வே. ஒமக்கும் ஊசி போடணும். ஏலே, அவரைப் பிடிங்க."

அவர் தெருவில் இருந்தார். ஓடினார். வானம் மூட்டம் போட்டிருந்தது. வைகாசியில் என்ன மூட்டம்? கோபுரம் சாம்பல் நிறத்தில் நின்றது. டீக்கடை, சைக்கிள் கடை, பூக்கடை, எல்லாவற்றிலும் அந்தி விழுந்திருந்தது. ஆனால் ஜனங்கள் குடை பிடித்துக்கொண்டு போனார்கள். வெறுங்காலில் தார் கொப்பளித்தது. உச்சந்தலை எரிந்தது. வெயில் தோலில் இருந்தது, கண்ணில் இல்லை. எதிரே வந்த சைக்கிளில் மோதி விழுந்தார். "காலையிலேயே போட்டாச்சா அண்ணாச்சி?" என்று எவனோ சிரித்தான். எழுந்தார். வாய் நிறைய எச்சில். துப்பினார். மறுபடி நிறைந்தது. கெண்டைக்காலில் ஏதோ நெளிந்தது. குனிந்து பார்க்கவில்லை. ஓடினார்.

வீடு சத்தமில்லாமல் இருந்தது.

உள்ளே ஒரே ஒரு வெளிச்சம். சிம்னி விளக்கு. முத்துத்தாய் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு தொட்டிலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். முகம் வேர்த்து வழிந்தது. உத்திரத்திலிருந்து வெள்ளை வேட்டி, மண் கறையோடு, வளைந்து தொங்கியது.

"வாங்கண்ணே. அவுக எப்படி இருக்காக? ஒண்ணும் கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது. மழை வரும் போல, இப்படி இருட்டிட்டு வருது. அதான் பொருத்துனேன்."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பாலம்மாளின் சிரிப்பு வந்தது. "ஏட்டி, வெயில் மண்டையைப் பொளக்குது, இவ பட்டப்பகல்ல விளக்கேத்திட்டு ஒக்காந்திருக்கா. நேத்து புருஷன், இன்னைக்குப் பொஞ்சாதி."

குருநாதன் வாயைத் திறந்தார். வார்த்தைக்கு முன்னால் எச்சில் இறங்கித் தாடையை நனைத்தது. ஸ்ஸ் என்று ஒரு சத்தம். அவர் நெஞ்சிலிருந்துதான் வந்தது. அதற்குப் பதில் சொல்வதுபோல் தொட்டிலுக்குள்ளிருந்து, சின்னதாக, இன்னொன்று.

டொப். வேட்டியின் அடியிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. டொப்.

"பிள்ளைக்குப் பல்லு முளைக்குது போலண்ணே," என்றாள் முத்துத்தாய், புறங்கையால் தன் வாயைத் துடைத்துக்கொண்டு. "விடிஞ்சதுலேருந்து எச்சி ஊத்துது. ஆனா நீங்க சொன்னது சரிதான். அப்பன் வாடை பட்டதும் அழுகைய நிறுத்திட்டா. நான் ஆட்டவே வேண்டாம், பாருங்க."

அவளுடைய இரண்டு கையும் விளக்கில்தான் இருந்தன. தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது.